கணக்குக் கேட்போரும் கணக்குச் சொல்வோரும்: பல்கலைக்கழகங்களின் எண்ணிம வேளாண் ஆய்வுகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1

இலக்கிய ஆராய்ச்சியில் ஈடுபட்டோர் வேளாண்மை பற்றிய கணினி ஆய்வுகளை விமர்சிக்க முற்படுவது முறையாகுமா என்னும் வினா எழுவது இயல்பே. இலையில் தோன்றிய நோயைக் கணினி சரியாக இனங்கண்டதா என்பதைத் தீர்மானிக்கும் தகுதி நமக்கில்லை. அத்தகுதியை நாம் கோரவுமில்லை. ஆயின் ஆய்வுத் திட்டம் ஒவ்வொன்றும் எழுத்து வடிவிலேயே உலகிற்கு அறிமுகமாகின்றது. திட்ட முன்மொழிவு, ஆய்வுக் கட்டுரை, இறுதி அறிக்கை ஆகியவற்றில் பேசுவோர் உளர், பேசப்படுவோரும் உளர். எவர் எழுவாயாக வருகின்றார், எவர் செயப்படுபொருளாக வருகின்றார், எவர் வாய்திறக்க வாய்ப்பின்றி நிற்கின்றார் என்பன இலக்கிய மாணவருக்கு உரிய வினாக்களே. அவ்வினாக்களை மட்டுமே இக்கட்டுரையில் எழுப்ப விழைகின்றோம்.

கடந்த பதினைந்து ஆண்டுகளாக உலகின் பல பல்கலைக்கழகங்கள் எண்ணிமத் தொழினுட்பத்தை வேளாண்மைக்கும் உணவு உற்பத்திக்கும் பிரயோகிக்கும் ஆய்வுகளில் முனைந்து ஈடுபட்டு வந்துள்ளன. நமது நாட்டுப் பல்கலைக்கழகங்களும் இப்போக்கிற்குப் புறம்பானவையல்ல. இவ்வாய்வுகளை வரவேற்போர் இவற்றால் கமக்காரர் வாழ்வு மலரும் என்கின்றனர்; வெறுப்போர் இவற்றை வெளிநாட்டு மாயை என ஒதுக்குகின்றனர். இவ்விரு நிலைப்பாடுகளும் ஆய்வின் உள்ளமைப்பை நோக்காது எழுந்தவை. உழைப்போனுடைய அறிவு எவ்வாறு திரட்டப்படுகின்றது, எவருக்காகத் திரட்டப்படுகின்றது என்பதே அடிப்படை வினா. இவ்வினா தமிழிலக்கியத்துக்குப் புதியதன்று. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஓர் இலக்கிய வடிவம் இதனைத் தன்னையறியாமலே நம்முன் வைத்துள்ளது. அதுவே பள்ளு.

2

நாயக்கர் காலத்திலே தமிழகத்தில் செழித்த பள்ளு இலக்கியம் முக்கூடற்பள்ளில் உச்சநிலையை எய்தியது என்பர். ஈழத்திலும் இவ்வடிவம் வேரூன்றியது. கதிரமலைப் பள்ளு, நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் பாடிய பறாளை விநாயகர் பள்ளு, மாவை சின்னக்குட்டிப் புலவர் பாடிய தண்டிகைக் கனகராயன் பள்ளு என்பன நாம் அறிந்தவை. இவற்றுள் இறுதியிற் குறிப்பிட்டது கோயிலை விடுத்துச் செல்வரொருவரையே பாட்டுடைத் தலைவராகக் கொண்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

பள்ளு நூல்களின் சிறப்பைக் கூறுவோர் அவற்றில் இடம்பெறும் நெல்வகை, மாட்டுவகை, ஏர்க்கருவி வகை ஆகிய பட்டியல்களை வியந்து பாராட்டுவர். வியப்பு நியாயமானதே. வழக்கொழிந்துபோன நெல்லினங்களின் பெயர்களை அறிவதற்குப் பள்ளு நூல்கள் இன்றும் துணைபுரிகின்றன. ஆயின் அப்பட்டியல் நூலின் எந்தக் கட்டத்தில் இடம்பெறுகின்றது என்பதை நாம் ஊன்றி நோக்குவது குறைவு. பண்ணைக்காரன் பண்ணைச் செயல் வினவுகின்றான். பள்ளன் விடை கூறுகின்றான். அவ்விடையே பட்டியல். அதாவது உழைப்பாளியின் அறிவு அங்கே அறிவாக அன்றிக் கணக்காகவே ஒப்புவிக்கப்படுகின்றது. கேள்வி கேட்கும் உரிமை மேலிருப்பவனுக்கு. விடை கூறும் கடமை கீழிருப்பவனுக்கு. கணக்கில் ஐயம் தோன்றினால் தொழுவில் மாட்டும் தண்டனையும் அதே நூலிலேயே உண்டு.

ஈழத்துப் பள்ளுகள் எழுந்த சமூகச் சூழலை நோக்குவோமாயின் இவ்வுறவின் கடுமை மேலும் தெளிவாகும். ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமையிலே பள்ளர் அடிமைச் சாதியினராகவே கொள்ளப்பட்டனர். அடிமை முறைமை இலங்கையில் சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1844இலேயாம். சட்டத்தின் கண்ணில் உடைமையாக இருந்த ஒருவனே, இலக்கியத்தில் நெல்லினங்கள் அத்தனையையும் பெயர் சொல்லி அறிந்தவனாகக் காட்சி தருகின்றான். அறிவு அவனிடம், நிலம் மற்றவனிடம், நூல் மூன்றாமவனிடம்.

பள்ளு இலக்கியத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. பண்ணைக்காரனுக்கும் பள்ளனுக்கும் இடையிலுள்ள முரண்பாடே அங்கு அடிப்படை முரண்பாடு. ஆனால் கதையோ மூத்த பள்ளிக்கும் இளைய பள்ளிக்கும் இடையிலான சக்களத்திப் போராட்டமாக நடக்கின்றது. வர்க்க முரண்பாடு குடும்பச் சச்சரவாக இடம்பெயர்ந்து, இறுதியில் இருவரும் சமாதானமாகும்போது தீர்ந்துவிட்டதுபோல் தோற்றமளிக்கின்றது. பண்ணையின் உடைமை மட்டும் மாறுவதில்லை.

இவ்விரு கூறுகளையும், அதாவது அறிவு கணக்காக மாறுதலையும் முரண்பாடு இடம்பெயர்தலையும், அளவுகோலாகக் கொண்டு நம் காலத்து ஆய்வுகள் மூன்றை நோக்குவோம். மூன்றும் பல்கலைக்கழகங்களின் முன்முயற்சியில் அல்லது பங்கேற்பில் உருவானவை. மூன்றிலும் நேர்மையான ஆய்வு முயற்சி உண்டு என்பதை முதலிலேயே கூறிவிடுதல் நன்று.

3

முதலாவது, அமெரிக்காவின் பென்சில்வேனிய மாநிலப் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹியூஸ், மார்செல் சலாத்தே ஆகியோர் தொடங்கிய பிளான்ற்வில்லேஜ் திட்டம். பயிர் நோய்களைக் கைத்தொலைபேசிப் படத்தின் மூலம் இனங்காணும் கருவிகளை உருவாக்குவதற்கு உதவும் பொருட்டு, நோயுற்றனவும் நலமானவையுமான இலைகளின் படங்களை இத்திட்டம் திரட்டியது. 2016இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் 54,306 படங்கள் பயன்படுத்தப்பட்டன. பயிர்கள் 14, நோய்கள் 26. பயிற்சி பெற்ற கணினி, அதே தொகுப்பிலிருந்து ஒதுக்கி வைக்கப்பட்ட படங்களை 99.35 சதவீதம் சரியாக இனங்கண்டது. இவ்வெண்ணே பின்னர் பலராலும் எடுத்தோதப்பட்டது.

அதே கட்டுரையில் இன்னோர் எண்ணும் உண்டு. வேறு சூழ்நிலைகளில் எடுக்கப்பட்ட படங்களைக் கொடுத்துச் சோதித்தபோது துல்லியம் 31 சதவீதத்தைச் சற்றே கடந்த அளவுக்கு வீழ்ந்தது. படங்கள் 38 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தமையின், எழுந்தமானமாகத் தெரிவு செய்தால் 2.6 சதவீதமே சரியாக அமையும். ஆகவே 31 சதவீதமும் வெறுமையானதன்று என ஆய்வாளர் கூறுவது உண்மையே. வீழ்ச்சியை மறைக்காது வெளியிட்ட அவர்களது நேர்மையும் பாராட்டுக்குரியது. நம் அக்கறை வீழ்ச்சிக்கான காரணத்தைப் பற்றியது.

தொகுப்பிலுள்ள இலைகள் செடியிலிருந்து பறிக்கப்பட்டவை. சாம்பல் அல்லது கறுப்பு நிறத் தாளின்மீது ஒவ்வொன்றாக வைத்துப் படம் பிடிக்கப்பட்டவை. மண் இல்லை, அயற்செடி இல்லை, களை இல்லை, பூச்சி ஏறிவரும் தண்டு இல்லை, நிழல் விழும் வரம்பு இல்லை. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்தார். கருப்பொருள் எதுவும் அவ்விரண்டையும் சார்ந்தே பொருள்படும் என்பது அவ்வகுப்பின் உட்கிடை. பிளான்ற்வில்லேஜ் தொகுப்பிலோ கருப்பொருள் முதற்பொருளிலிருந்து வெட்டியெடுக்கப்பட்டுள்ளது. நிலத்தையும் பொழுதையும் துறந்த இலையைக் கற்ற கணினி, நிலத்தோடும் பொழுதோடும் கூடிய இலையைக் கண்டபோது திகைத்தது. இத்திகைப்பை வெறும் தொழினுட்பக் குறையாகக் கருதுவது போதாது. தனிமைப்படுத்திய பின்னரே அறியலாம் என்ற அறிவு முறையின் எல்லையை அது காட்டுகின்றது.

இலைகள் எங்கிருந்து வந்தன என்பதும் கவனத்துக்குரியது. அவை அமெரிக்காவின் நிலக்கொடைப் பல்கலைக்கழகங்களோடு தொடர்புடைய ஆய்வுப் பண்ணைகளிலிருந்து பெறப்பட்டவை. அப்பல்கலைக்கழகங்கள் 1862ஆம் ஆண்டு மொரில் சட்டத்தின்படி, அரசு வழங்கிய நிலத்தின் விற்பனை வருவாயால் அமைந்தவை; அந்நிலமோ அங்கு வாழ்ந்த பூர்வீகக் குடிகளிடமிருந்து பெயர்க்கப்பட்டது. அறிவு நிறுவனத்தின் அடித்தளத்திலேயே நிலப் பறிப்பு உறைந்திருக்கின்றது. இனி, அப்பதினான்கு பயிர்களின் பட்டியலில் அப்பிள், திராட்சை, பீச், ஸ்ரோபெரி, சோளம், உருளைக்கிழங்கு, தக்காளி முதலியன இடம்பெறுகின்றன. நெல் இல்லை, மரவள்ளியும் இல்லை. பள்ளன் கூறிய பட்டியலில் நெல்லே தலையாயது. ஆசியாவினதும் ஆபிரிக்காவினதும் கோடிக்கணக்கான ஏழைகளை உண்பிக்கும் பயிர்கள் இரண்டும் முதற்பட்டியலில் இடம்பெறாமையை எவரது தனிப்பட்ட தீய நோக்கமாகவும் நாம் கொள்ளவில்லை. ஆய்வுப் பண்ணை எங்குள்ளதோ அங்குள்ள பயிரே தரவாகின்றது. தரவின் புவியியல் மூலதனத்தின் புவியியலைப் பெரிதும் தழுவியே செல்கின்றது.

4

இரண்டாவது ஆய்வு முதலாவதன் விமர்சனமாகவே அதனுள்ளிருந்து தோன்றியது. இயங்கியல் நோக்குடையோர் இதனை மகிழ்ச்சியோடு குறித்துக்கொள்ளலாம். பிளான்ற்வில்லேஜ் குழுவினர் சர்வதேச வெப்பவலய விவசாய நிறுவனத்தோடு இணைந்து தான்சானியாவின் மரவள்ளித் தோட்டங்களில் படங்களைத் திரட்டினர். இம்முறை இலை தாளின்மீது கிடத்தப்படவில்லை. வயலில் நிற்கும் செடியிலேயே படம் பிடிக்கப்பட்டது. 2017இல் வெளியான ஆய்வு மரவள்ளித் தேமல் நோய், கபிலக் கீற்று நோய் முதலியவற்றையும் சிற்றுண்ணிகளால் ஏற்படும் சேதத்தையும் இவ்வாறு இனங்காண முயன்றது. இம்முயற்சியின் வழியே 'நுரு' என்னும் செயலி உருவாயிற்று. சுவாகிலி மொழியில் அச்சொல்லுக்கு ஒளி என்பது பொருள். இணையத் தொடர்பில்லாத வயலிலும் அது இயங்கும். சுவாகிலி மொழியிலே பேசும். ஏழைக் கமக்காரரின் மொழியையும் அவரது நிலைமையையும் கணக்கிலெடுத்தமை சாதாரண முன்னேற்றமன்று. நோய்க்குறிகள் மங்கலாகத் தோன்றும் தொடக்க நிலையில் கருவியின் திறன் குறைகின்றது என்பதை 2019இல் அதே ஆய்வாளர் அறிவித்தனர்.

ஆயினும் இவ்விடத்தில் ஒரு வினா எழுகின்றது. நோய் இனங்காணப்பட்ட பின் நடப்பது யாது? மரவள்ளியின் தேமல் நோயும் கபிலக் கீற்று நோயும் வைரசுகளால் விளைவன. நோயுற்ற செடியைக் குணப்படுத்த மருந்தில்லை. செடியைப் பிடுங்கி அழித்து, நோயற்ற தடிகளைப் பெற்று நடுவதே வழி. அத்தடிகள் எங்கே கிடைக்கும்? யார் வழங்குவர்? பிடுங்கிய செடிக்குரிய உணவிழப்பை யார் ஈடுசெய்வர்? இவை கைத்தொலைபேசி விடையளிக்கக் கூடிய வினாக்களல்ல. நோயின் பெயரை அறிதல் உழவனுக்கு ஒளியாகலாம். ஆனால் ஒளியைக் கொண்டு நடப்பதற்குப் பாதை வேண்டும். விதைப் பண்ணையும் விரிவாக்க உத்தியோகத்தரும் பொதுச் செலவினமும் சேர்ந்ததே அப்பாதை. கடன்வழங்கும் சர்வதேச நிறுவனங்களின் நிர்ப்பந்தத்தால் ஆபிரிக்க நாடுகள் பலவற்றில் 1980கள் தொட்டு அரச விரிவாக்கச் சேவைகள் சுருங்கின. அவ்வெற்றிடத்திலே செயலி நுழைகின்றது என்பதைக் காணாது செயலியைப் புகழ்வது பாதி உண்மையை மட்டும் கூறுவதாகும்.

5

மூன்றாவது ஆய்வு நம் நாட்டுக்குரியது. மேற்குச் சிட்னிப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் அதுல கினிகே முதலியோரும் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளரும் 2010களின் முற்பகுதியில் இணைந்து மேற்கொண்ட சமூக வாழ்வு வலையமைப்பு ஆய்வின் பயனாகக் 'கொவி நெண' என்னும் செயலி உருவானது. உழவர் அறிவு என்பது அச்சிங்களத் தொடரின் பொருள்.

இவ்வாய்வு எடுத்துக்கொண்ட பிரச்சினை உண்மையானது. ஒரு பருவத்தில் ஒரு மரக்கறிக்கு நல்ல விலை கிடைத்தால் அடுத்த பருவத்தில் பலரும் அதனையே பயிரிடுவர். எவர் எவ்வளவு பயிரிட்டார் என்பது எவருக்கும் தெரியாது. அறுவடையின்போது விளைச்சல் சந்தையில் குவிந்து விலை சரியும். 1999இல் தொடங்கப்பட்ட தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறிகள் விலைபோகாது வீசப்படும் காட்சி நாளேடுகளில் மீண்டும் மீண்டும் வந்ததே. கமக்காரர் தாம் பயிரிட உத்தேசித்துள்ள பயிரையும் பரப்பையும் பதிந்தால், அப்பதிவுகளைத் திரட்டி எப்பயிர் ஏற்கெனவே மிகுதியாகச் செய்யப்படுகின்றது என்பதை நிறங்களால் மற்றையோருக்கு உணர்த்துவதே இச்செயலியின் அடிப்படை எண்ணம். நாம் நோக்கிய மூன்றனுள் கோட்பாட்டளவில் ஆழமானது இதுவே என்று கூறுவோம். ஏனெனில் இங்கே தரவு என்பது இலையைப் பற்றியதன்று. உற்பத்தியாளர் ஒருவருக்கும் மற்றொருவருக்கும் இடையிலுள்ள உறவைப் பற்றியது. தனித்தனியே உற்பத்தி செய்வோர் தம் உழைப்பின் சமூகத் தன்மையைச் சந்தையிலேதான், அதுவும் காலங்கடந்தே, அறிந்துகொள்கின்றனர் என்பது மூலதனம் நூலின் தொடக்க அத்தியாயத்திலே மார்க்ஸ் காட்டிய உண்மை. விதைக்கு முன்பே அச்சமூகத் தன்மையை வெளிப்படுத்த முயல்கின்றது இச்செயலி. திட்டமிட்ட உற்பத்தியின் ஒரு சிறு விதை இதனுள் இருப்பதை மறுக்க முடியாது.

ஆயினும் பள்ளின் இரண்டாவது கூறு, அதாவது முரண்பாட்டின் இடப்பெயர்வு, இங்கேதான் நமக்கு ஒளி தருகின்றது. அங்கே வர்க்க முரண்பாடு சக்களத்திச் சண்டையாகியது. இங்கே அது தகவற் பற்றாக்குறையாகின்றது. கமக்காரர் தவறான பயிரைத் தெரிவு செய்கின்றனர், ஏனெனில் தகவல் அறியார் என்பது ஆய்வின் கதைப்பின்னல். தகவல் அறிந்த பின்னரும் பயிரை மாற்ற முடியாதவர் பற்றி அக்கதையில் இடமில்லை. கடன்பட்டவரின் பயிரைப் பல வேளைகளில் கடன் கொடுத்த வணிகரே தீர்மானிக்கின்றார். குத்தகைக் காணியில் நீண்டகாலப் பயிரை நட எவரும் துணியார். கிணறும் கையிருப்பும் உடையவரே பொறுத்திருந்து விற்க வல்லவர். ஆகவே ஒரே நிறம் ஒரே திரையில் தோன்றினும் அது எல்லோருக்கும் ஒரே செய்தியைக் கூறுவதில்லை. உடையவனுக்கு அது வாய்ப்பு. இல்லாதவனுக்கு அது எச்சரிக்கை மட்டுமே.

விலையைத் தீர்மானிக்கும் சக்திகள் கமக்காரரின் அறியாமைக்கு அப்பாலும் இருக்கின்றன என்பதற்கு வடபகுதி வரலாறே சான்று. 1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கமக்காரர் தலைநிமிர்ந்தனர். 1977இன் பின் திறந்த பொருளாதாரக் கொள்கை அவ்வரண்களைத் தகர்த்தது. அவர்களது சந்தையும் சரிந்தது. ஓரிரு ஆண்டுகளுக்குள் அவர்களது அறிவு குன்றிவிடவில்லை. குன்றியது அரசின் பாதுகாப்பு. இவ்வாறே 2021 ஏப்ரல் இறுதியில் அறிவிக்கப்பட்டு மே மாதம் வர்த்தமானி மூலம் நடைமுறைக்கு வந்த இரசாயன உர இறக்குமதித் தடை, அவ்வாண்டு நவம்பரில் கைவிடப்படுவதற்குள் அடுத்த பெரும்போக விளைச்சலைப் பெரிதும் வீழ்த்தியது. எத்திரையும் எந்நிறமும் காப்பாற்றியிருக்க இயலாத அழிவு அது. முடிவெடுத்தோர் கமக்காரரைக் கேட்கவில்லை என்பதே அங்கு நேர்ந்த தகவற் பற்றாக்குறை.

6

அறிவு கணக்காக மாறும்போது அக்கணக்கு எவரது கையிற் சேர்கின்றது? 2013இல் மொன்சான்ரோ நிறுவனம், காலநிலைத் தரவையும் வயல் தரவையும் திரட்டி ஆராயும் கிளைமற் கோப்பரேசனை ஏறத்தாழ 93 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்க உடன்பட்டது. விதையும் களைநாசினியும் விற்கும் நிறுவனம் மழையையும் மண்ணையும் பற்றிய கணக்கை ஏன் இத்துணை விலைக்கு வாங்கியது என்பதற்கு விளக்கம் வேண்டுவதில்லை. 2018இல் அந்நிறுவனத்தையே பேயர் நிறுவனம் விழுங்கிக்கொண்டது. உழவர் தம் வயலைப் பற்றிக் கொடுத்த விடைகள் இவ்வாறு கைமாறின. பண்ணைக்காரன் ஒருவனாக ஊரில் இருந்த காலத்தில் அவன் முகமாவது பள்ளனுக்குத் தெரிந்திருந்தது.

ஹரி பிரேவர்மன் 1974இல் வெளியிட்ட நூலிலே, முதலாளித்துவத் தொழின்முறை கருத்தாக்கத்தையும் செயற்படுத்தலையும் பிரித்து, முன்னையதை நிருவாகத்தின் ஏகபோகமாக்குகின்றது என்பதை ஆலைத் தொழிலைக் கொண்டு விளக்கினார். வயல் நெடுங்காலம் இப்பிரிவினைக்கு முற்றாக ஆட்படாதிருந்தது. மண்ணின் ஈரத்தைக் காலால் உணர்பவரும் விதைப்பு நாளைக் குறிப்பவரும் பெரும்பாலும் ஒருவராகவே இருந்தனர். எண்ணிம வேளாண்மை இவ்வொருமையைப் பிளக்கும் ஆற்றலுடையது. நோயை முதலிற் காண்பவர் களை பிடுங்கும் பெண்கள். கைத்தொலைபேசி காணிக்காரர் கையில். தீர்ப்பு தொலைவிலுள்ள கணினியில். கூலிக்கு நாற்று நடுவோரும் களை பிடுங்குவோரும் இவ்வாய்வுகளில் பயனாளராகவும் தோன்றுவதில்லை, தகவலாளராகவும் தோன்றுவதில்லை. 'விவசாயி' என்ற ஒருமைச் சொல் காணியுடையாரையும் குத்தகையாளரையும் கூலியாளரையும் ஒன்றாக்கி, அவர்களுக்கிடையிலான உறவை மறைத்துவிடுகின்றது. பள்ளு அந்த வகையில் நேர்மையானது. அங்கே பண்ணைக்காரனும் பள்ளனும் ஒரே பெயரால் அழைக்கப்படுவதில்லை.

7

இவ்வாறெல்லாம் கூறுவதால் நாம் கலப்பையின் பக்கம் நின்று கணினியை எதிர்ப்பதாக எவரும் கருதலாகாது. பழைய வயல் வாழ்வைப் பொற்காலமாகப் பாடுவோர் தொழுவை மறந்து நெற்பட்டியலை மட்டும் நினைவிற் கொள்வோர். உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சி மனித விடுதலையின் நிபந்தனைகளுள் ஒன்று. நோயை வேளையோடு அறிதலும், பலர் உற்பத்தியை ஒருங்கே காணலும் நலமே. உற்பத்திச் சக்தி வளர்ந்தாற் போதும், உறவுகள் தாமே மாறும் என்ற நம்பிக்கையையே நாம் மறுக்கின்றோம். முதலாளித்துவ வேளாண்மையின் முன்னேற்றம் உழைப்பாளியையும் மண்ணையும் ஒருங்கே சூறையாடும் கலையின் முன்னேற்றமாகவும் அமையலாம் என 1867இலேயே மார்க்ஸ் எச்சரித்தமை இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது.

மாற்று வழிக்கு நம் நாட்டிலேயே முன்மாதிரிகள் உண்டு. பெரிய குளங்களின் கீழ் நெற்செய்கை தொடங்குமுன் கமக்காரரும் உத்தியோகத்தரும் ஒன்றுகூடி நீர் திறக்கும் நாள், விதைப்பு நாள், செய்கைக்குரிய பரப்பு ஆகியவற்றைத் தீர்மானிக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டம் இன்றும் நடைபெறுகின்றது. அங்கும் செல்வாக்குடையோரின் குரலே ஓங்கி ஒலிப்பது உண்மை. எனினும் அது கூட்டாக முடிவெடுக்கும் களம். வினவும் உரிமை அங்கே ஒருவருக்கு மட்டும் உரியதன்று. 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் செய்கையாளர் தெரிவுசெய்யும் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்த முயன்றது. காணி உடையோரின் எதிர்ப்பால் அச்சட்டம் நலிவுற்றது. எனினும் நிலத்தில் உழைப்பவரே நிலம் பற்றிய முடிவுகளில் பங்குகொள்ளல் வேண்டும் என்ற கொள்கை அதனால் நம் சட்ட வரலாற்றில் பதிந்தது.

கொவி நெண போன்ற ஆய்வின் பயன் தனித்தனிக் கைத்தொலைபேசித் திரையில் தோன்றி மறைவதற்குப் பதிலாகப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தின் நடுவே வைக்கப்படுமாயின் அதன் பண்பே மாறும். இவ்வளவு பரப்பில் வெங்காயம் எனத் திரை காட்டும்போது, அப்படியாயின் எவர் குறைத்துக்கொள்வது, குறைத்தவருக்கு ஈடு என்ன, சங்கம் கொள்வனவு செய்யுமா, இறக்குமதி பற்றி அரசின் நிலைப்பாடு யாது என்ற வினாக்கள் உடனே எழும். தனியொருவர் திரையோடு பேரம் பேச முடியாது. கூட்டம் பேசும். தகவல் அப்போதுதான் அரசியலாகும். அரசியலான பின்னரே அது உழவருக்கு அதிகாரமாகும்.

ஆகவே இத்தகைய ஆய்வுத் திட்டமொன்றை மதிப்பிடும்போது துல்லிய வீதத்தோடு வேறு நான்கு வினாக்களையும் நம் பல்கலைக்கழகங்கள் கேட்டல் வேண்டும். ஆய்வு வினாவை வகுத்தவர் யார்? விடையளித்தவர் அவ்விடையின்மீது என்ன உரிமை உடையவர்? நிலமற்ற கூலியாளருக்கு இதில் இடமுண்டா? திட்டத்துக்குரிய பணம் தீர்ந்த பின் தரவும் கருவியும் எவரிடம் எஞ்சும்? இவை புறத்தேயிருந்து சுமத்தப்படும் அரசியல் வினாக்களல்ல. தாளின்மீது கிடத்திய இலை காட்டியதுபோல், உறவுகளை வெட்டிய அறிவு தன் துல்லியத்தையே இழக்கின்றது. எனவே இவை அறிவியலின் உள்ளிருந்தே எழும் வினாக்கள்.

இதில் தமிழ்த்துறைகளுக்கும் பங்குண்டு. நெல்லினம், பூச்சி, மண், நீர் ஆகியன பற்றிய வன்னியினதும் மட்டக்களப்பினதும் சொல்வளம் இன்னும் முறையாகத் தொகுக்கப்படவில்லை. நாளை ஒரு கணினி தமிழில் கமக்காரரோடு பேசவேண்டுமாயின் இச்சொற்களையே நாடவேண்டும். அத்தொகுப்பை நாம் மேற்கொள்ளும்போது பண்ணைக்காரனின் இடத்தில் நின்று வினவப் போகின்றோமா என்பதே நம்மை நோக்கிய வினா. சொல்லைத் தந்தவர் தம் சொல் எங்கு செல்கின்றது எனக் கேட்கவும், வேண்டாமெனத் தடுக்கவும், திருத்தவும் உரிமை பெறாதவிடத்து, நாம் எழுதப்போவது இன்னுமொரு பள்ளாகவே முடியும். பட்டியல் அழகாக இருக்கும், பாராட்டும் கிடைக்கும், பள்ளன் மீண்டும் கணக்குச் சொல்லிவிட்டு வரம்பில் நிற்பான். கணக்குச் சொல்வோர் கணக்குக் கேட்போராக மாறும் நாளை விரைவுபடுத்துவதற்கு உதவும் ஆய்வே, அது எண்ணிமமாயினும் ஏட்டிலாயினும், பல்கலைக்கழகம் என்ற பெயருக்குத் தக்க ஆய்வாகும்.